கல்வி உளவியலில் மேற்படிப்பு: வடசென்னையிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு வருடம் டியூஷன் எடுத்தேன். காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வருவான். ஏழாம் வகுப்பு. விடியற்காலையில் அம்மாவோடு மீன் விற்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. "மத்தி கிலோ 120-ன்னா முக்கால் கிலோ எவ்ளோடா?" என்று கேட்டால், வாய் மூடுவதற்குள் "தொண்ணூறுக்கா" என்பான். அதையே போர்டில் முக்கால் பெருக்கல் 120 என்று பின்னமாக எழுதிவைத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. வருடம் முழுக்க.

அவனுக்குக் கணக்கு வருமா வராதா? இந்தக் கேள்விதான் என்னைக் கல்வி உளவியல் பக்கம் தள்ளியது. 1985-லேயே பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில், தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடையில் வாடிக்கையாளர் மாதிரி நின்று கேட்டபோது 98 சதவீதம் சரியான பதில். அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஆய்வில் இருந்தது ஐந்தே ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரை வைத்து உலகமே பேசுகிற ஆய்வு செய்ய முடியும் என்றால், மாடியில் பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டிருந்த நான் ஏன் பயந்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை ஆறு பல்கலைக்கழகம், ஆறிலும் 'வருந்துகிறோம்'. இரண்டாம் முறை கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

கல்வி உளவியல் என்றதும் வீட்டில் "ஸ்கூல்ல கவுன்சிலிங் குடுக்கற வேலையா?" என்பார்கள். இல்லை. மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள், ஏன் சிலருக்கு ஆர்வம் போய்விடுகிறது, கற்றதை எப்படி அளப்பது என்று ஆராய்கிற துறை இது. அமெரிக்காவில் ஸ்கூல் சைக்காலஜி என்பது தனித் துறை. பிள்ளைகளைப் பரிசோதித்து, அறிக்கை எழுதி, பள்ளியோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். அந்த வேலைக்கு மாநில உரிமம் வேண்டும். பல இடங்களில் இரண்டும் ஒரே துறைக்குள் இருக்கும். ஆனால் விண்ணப்பம் வேறு, எதிர்பார்ப்பு வேறு. பொத்தானை மாற்றி அழுத்திவிட்டு ஒரு வருடத்தைக் கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே 'எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்' என்பதே சட்டப் பாதுகாப்பு உள்ள பதவிப் பெயர். அந்தப் பெயரில் வேலை பார்க்க உளவியல் அடித்தளமும் அதற்கு மேல் மூன்று வருட முனைவர் பயிற்சியும் வேண்டும். ஒரு வருட எம்.எஸ்சி. முடித்துவிட்டு அந்தப் பெயர்ப்பலகையை மாட்ட முடியாது. ஏஜெண்டுகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நம் ஊரில் கல்வி உளவியலாளர் என்று தனி உரிமம் கிடையாது. மருத்துவ உளவியலாளரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிய வேண்டும். பிள்ளைகளோடு நேரடியாகச் சிகிச்சை மாதிரி வேலை செய்வதுதான் உங்கள் ஆசை என்றால் அந்த வழியைப் பாருங்கள். சிறப்புக் கல்விக்கு ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டிலேயே தேசிய நிறுவனம் இருக்கிறது.

இங்கேயா, வெளிநாடா

வெளிநாடுதான் உசத்தி என்று நான் நினைக்கவில்லை. பி.எஸ்சி. மூன்று வருடம் மட்டும் முடித்தவர்கள் முதலில் இங்கே ஒரு முதுகலை முடிப்பது பல வகையில் நல்லது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடப் படிப்பைக் கேட்கும். பன்னிரண்டும் மூன்றும் பதினைந்துதான் ஆகிறது. அதற்கு மேல் ஒரு எம்.எஸ்சி.யோ எம்.ஏ.வோ இருந்தால் அந்தக் கேள்வியே வராது.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1943-லிருந்து இயங்குகிறது. வண்ணாரப்பேட்டையில் ஏறினால் அரை மணி நேரப் பயணம்தான். பி.எட். முடித்தவர்களுக்கு எம்.எட். வழி இருக்கிறது, அதிலும் கல்வி உளவியல் ஒரு முக்கியப் பாடம். மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) நடத்தும் எம்.ஏ. கல்விக்குத் தேசியத் தேர்வு முகமையின் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தனியாகத் தேர்வும் நேர்காணலும் வைக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகையும் தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிடலாம் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் திட்டம் போடுகிறார்கள். 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லிவிட்டது. இன்னமும் சீட்டு இருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்தியாவிலேயே முனைவர் பட்டம் செய்ய நினைத்தால் யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. கல்வியில் எழுதலாம், உளவியலில் எழுதலாம். உங்கள் முதுகலை எதுவோ அதைப் பொறுத்தது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். டியூஷன் வருமானத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய பணம்.

இனி எழுதுவது பெரும்பாலும் அமெரிக்க விண்ணப்பத்தைப் பற்றி. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் என்றால், கடைசித் தேதி முந்தைய டிசம்பர் 1 முதல் ஜனவரிக்குள் வந்துவிடும். அதற்கும் ஒரு வருடம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

மாடி டியூஷனை வீணாக்காதீர்கள்

'எனக்கு ரிசர்ச் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே' என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் பயம். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் வியாசர்பாடி, கொடுங்கையூர், எண்ணூர் என்று எத்தனை அக்காக்கள் தன்னார்வலர்களாக இருந்தார்கள்! மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தினமும் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்கள். அவர்களில் யாரும் அதை அனுபவம் என்றே எண்ணுவதில்லை.

அனுபவம் ஆராய்ச்சியாக மாற ஒரு நோட்டு போதும். நான் 80 பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதினேன். இன்று என்ன கணக்கு கொடுத்தேன், யார் எங்கே தடுக்கினார்கள், விலையாகச் சொன்னபோது என்ன நடந்தது, பின்னமாக எழுதியபோது என்ன நடந்தது. எட்டு மாதத்தில் அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. தப்பு எல்லாமே கணக்கில் வரவில்லை. பாதிக்கு மேல், 'இது பரீட்சைக் கணக்கு' என்று பிள்ளை முடிவு செய்கிற அந்த நொடியில் வந்தது. கேரம் போர்டின் முன்னால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிற பையனுக்குக் 'கவனம் இல்லை' என்று பள்ளியில் எழுதி அனுப்புகிறார்களே, அதிலும் ஒரு ஆய்வுக் கேள்வி ஒளிந்திருக்கிறது.

ஆனால் பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். ஆராய்ச்சி என்று எங்காவது பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் அப்பா அம்மாவிடம் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இந்த ஒழுக்கம் உங்களுக்கு இருக்கிறது என்பதே தேர்வுக் குழுவுக்கு ஒரு நல்ல செய்தி.

கூடவே புள்ளியியல் படியுங்கள். சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு, டி-டெஸ்ட், ரிக்ரெஷன் வரைக்குமாவது. ஜாஸ்ப், ஆர் இரண்டும் இலவச மென்பொருள், பழைய லேப்டாப்பிலும் ஓடும். பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல் முடித்தவர்கள் 'எனக்கு உளவியல் தெரியாதே' என்று ஒதுங்க வேண்டாம். கல்வி உளவியலுக்குள் அளவீடு என்று ஒரு பிரிவு இருக்கிறது. தேர்வுகளை எப்படி வடிவமைப்பது, மதிப்பெண் எவ்வளவு நம்பத்தக்கது என்று ஆராய்வது அதன் வேலை. கணக்கு தெரிந்தவர்களை அங்கே இரு கை நீட்டி வரவேற்பார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பிரிவு இருப்பதே தெரியாது.

படிக்க இடம் வேண்டுமே என்றால், கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நான் கன்னிமாராவில்தான் பாதி நாள் கிடந்தேன். மின்விசிறி சத்தம் பழகிவிடும்.

பணக் கணக்கு

முனைவர் படிப்பா, மாஸ்டர்ஸா என்று முடிவெடுக்கும் இடம் இது. அமெரிக்காவில் நல்ல முனைவர் இடங்களில் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவி ஆய்வாளராகவோ உதவி ஆசிரியராகவோ வைத்துச் சம்பளமும் தருவார்கள். மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலும் கைக்காசு. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் அதற்கு எங்கே போகும்? அதனால் என் யோசனை: ஆராய்ச்சியில் உண்மையான ஆர்வம் இருந்தால் நேராக முனைவர் படிப்புக்கே போடுங்கள். முதுகலை முடித்திருக்க வேண்டும் என்று பல துறைகள் கேட்பதில்லை.

பட்டியலினத்தவர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் போன்றவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், தகுதிப் படிப்பில் 60 சதவீதம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. இரண்டுக்கும் வருமானச் சான்று, சாதிச் சான்று புதிதாக வேண்டியிருக்கும். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

விண்ணப்பிக்கவே ஆகும் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ. 20,000 ரூபாய்க்கு மேல். ஆங்கிலத் தேர்வு, டோஃபலோ ஐ.இ.எல்.டி.எஸ்.ஸோ, 15,000-க்கு மேல். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கட்டணம் தனி. முதல் முறை நான் ஜி.ஆர்.இ. எழுதிய பிறகுதான் பார்த்தேன், ஆறில் நான்கு துறை அதைக் கேட்கவே இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பல துறைகள் விட்டுவிட்டன. பட்டியலை முடிவு செய்துவிட்டு, பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். கட்டத்தான் வேண்டும் என்றால், இப்போதைய ஜி.ஆர்.இ. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், தேர்வு நாளில் நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். விண்ணப்பக் கட்டணத்தில் விலக்கு கேட்டுத் துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். இரண்டு இடத்தில் எனக்குக் கிடைத்தது. கேட்கக் கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ஒரு கன்சல்டன்சிக்கும் போனேன். "கல்வி உளவியலா? அதுல என்னம்மா ஸ்கோப், எம்.பி.ஏ. போடலாம்" என்றார்கள். டீ மட்டும் நன்றாக இருந்தது.

துறையைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

முதல் முறை ரேங்க் பட்டியலைப் பார்த்துப் போட்டேன். தப்பு. முனைவர் படிப்பில் நீங்கள் சேர்வது ஒரு பேராசிரியரிடம். விஸ்கான்சின்-மேடிசன், இல்லினாய், மின்னசோட்டா, டெக்சஸ்-ஆஸ்டின் என்று பெரிய துறைகள் இருக்கின்றன. மிஷிகனில் கல்வியும் உளவியலும் சேர்ந்த தனிப் படிப்பே உண்டு. ஒவ்வொன்றிலும் ஆசிரியர் பக்கத்தைத் திறந்து, உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர் யார் என்று பாருங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை இரண்டையாவது முழுசாகப் படியுங்கள்.

பிறகு மெயில். 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா' என்று தொடங்கி அரைப் பக்கம் புகழ வேண்டாம். பெயரைச் சொல்லி அழைத்து, நான் இன்னார், இதைக் கவனித்தேன், உங்கள் கட்டுரையில் இந்த இடம் என் கேள்வியோடு தொடுகிறது, வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா. அவ்வளவுதான். பத்து வரி. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். எடுக்கவில்லை என்று பதில் வந்தால் அதுவும் லாபம், அந்தக் கட்டணம் மிச்சம். மாணவரைக் குழுவாகத் தேர்வு செய்கிற துறைகள் 'எழுத வேண்டாம்' என்று தளத்திலேயே போட்டிருப்பார்கள். அங்கே எழுதாதீர்கள்.

எஸ்.ஓ.பி.

ஏன் இந்தப் படிப்பு, என்ன ஆராயப் போகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரைதான் எஸ்.ஓ.பி. என் முதல் எஸ்.ஓ.பி. இப்படித் தொடங்கியது: 'சிறு வயது முதலே மனித மனத்தின் ஆழங்களை அறியும் தணியாத ஆர்வம் கொண்டவள் நான்.' இரண்டாம் பத்தியில் அப்பா ஹார்பரில் சுமை தூக்கியது, மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, தெருவில் நடந்த வெட்டுக்குத்து. மூன்றாம் பத்தியில் 'இத்தனை தடைகளையும் தாண்டி'.

வடசென்னை என்றாலே ரவுடி, குப்பைமேடு, கானா என்று சினிமா காட்டியதை நாமே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிடுகிறோம். படிக்கிற பேராசிரியருக்கு நம் மேல் இரக்கம் வரலாம், ஆனால் இரக்கத்துக்கு இடம் கிடைக்காது. அவர் தேடுவது அடுத்த ஐந்து வருடம் தன்னோடு உட்கார்ந்து ஒரு கேள்வியை விடாமல் துரத்துகிற ஆளை.

இரண்டாம் முறை எழுதியது இப்படித் தொடங்கியது: 'என் வகுப்பில் ஒரு பையன் முக்கால் கிலோ மீனின் விலையை உடனே சொல்வான். அதே கணக்கைப் பின்னமாக எழுதினால் நிறுத்திவிடுவான். அவன் நிறுத்துகிற அந்த இடத்தை எட்டு மாதம் குறித்துவைத்தேன்.' பிறகு நான் என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், அந்த நினைப்பு எங்கே தப்பாகப் போனது. அதன்பின் ரெசிஃபே ஆய்வு, அந்த ஆய்வால் பதில் சொல்ல முடியாத இடம். அப்புறம் இந்தத் துறையில் யாரோடு, எந்த முறையில் இதைத் தொடர நினைக்கிறேன். கடைசியில் நான்கு வரியில் என் படிப்பும் மதிப்பெண்ணும். இரண்டு பக்கம்.

தப்பான நினைப்பை எழுதியதுதான் திருப்பம் என்று என் ஆசிரியர் பிறகு சொன்னார். பையனுக்குப் பின்னம் புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். போர்டை அழித்துவிட்டுத் தராசு படம் வரைந்தபோது அவனே முக்காலை மூன்று கால் கிலோவாகப் பிரித்துக் காட்டினான். புரியாதது எனக்குத்தான்.

குடும்பச் சூழலை எழுதவே கூடாதா? எழுதலாம். பல விண்ணப்பங்களில் அதற்குத் தனிக் கட்டுரை இருக்கும், அங்கே எழுதுங்கள். ஒரு செமஸ்டரில் மதிப்பெண் இறங்கியதற்கு வீட்டுக் காரணம் இருந்தால் இரண்டு வரியில் நேராகச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதம்

மூன்று கேட்பார்கள். நம் கல்லூரிகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். "நீயே எழுதிக்கிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடறேன்." என் ஹெச்.ஓ.டி.யும் அதையேதான் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். "மேடம், நான் எழுதக் கூடாதுன்னு விதி இருக்கு. உங்களுக்கு வசதியா குறிப்பு மட்டும் தரேன்" என்று ஒரு பக்கம் கொடுத்தேன். எந்த வருடம் எந்தப் பேப்பர், செமினாரில் என்ன பேசினேன், புராஜெக்டில் என்ன செய்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கே இரண்டு சம்பவம் நினைவு வந்து எழுதினார்.

இன்னொரு சிக்கல், கல்லூரி மெயில் ஐ.டி. பல விண்ணப்பங்கள் ஜிமெயில் முகவரியைச் சந்தேகமாகப் பார்க்கும். ஆசிரியரின் கல்லூரி மெயில் வேலை செய்கிறதா என்று செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். வேலை செய்கிற இடத்துத் தலைமையாசிரியர் ஒருவர் மூன்றாவது கடிதம் தரலாம். உங்களைத் தெரியாத பெரிய மனிதரை விட, உங்கள் வகுப்பைக் கண்ணால் பார்த்தவர் மேல்.

பெயரும் சான்றிதழும்

இனிஷியல் என்பது நம் பக்கத்துத் தலைவலி. மார்க்ஷீட்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம். ஜி.ஆர்.இ.க்கும் டோஃபலுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள், இல்லாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விட மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று வரும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். வங்கிக் கணக்கு வரைக்கும் அது துரத்தும். விண்ணப்பிக்கும் முன்பே இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது.

டிரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது எல்லா மதிப்பெண்ணையும் சேர்த்துக் கல்லூரி கவரில் போட்டுத் தரும் சான்றுக்கு, மூன்று மாதம் ஒதுக்குங்கள். நான் படித்த கல்லூரியில் ஒரு கிளார்க் லீவில் போனதால் என் கவர் ஐந்து வாரம் அலமாரியில் தூங்கியது. எத்தனை கவர் வேண்டுமோ அதைவிட இரண்டு சேர்த்துக் கேளுங்கள்.

அனுப்புவது, பேசுவது, கிளம்புவது

டிசம்பர் 1 கடைசித் தேதி என்றால் நவம்பர் 15-க்குள் அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் தண்ணீரில் கிடந்தன. அந்த வாரம் கடைசித் தேதி வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! கடைசி நாள்வரை இழுத்துத்தான் தீர வேண்டும் என்றால், அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 11.59 என்பது நமக்கு மறுநாள் காலை 10.29.

ஜனவரி, பிப்ரவரியில் ஜூம் நேர்காணல் வரலாம். நம் ஊரில் அது ராத்திரி நேரம். எங்கள் வீட்டில் நடந்த முதல் நேர்காணலில் கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்ததில் கேள்வியே காதில் விழவில்லை. இரண்டாவதைப் பெரம்பூரில் சித்தி வீட்டில் முடித்தேன். அவர்கள் கேட்கிற முக்கியக் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆய்வை நாளையே தொடங்கச் சொன்னால் முதலில் என்ன செய்வாய்? அதற்கு மூன்று நிமிடப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நீங்களும் கேளுங்கள், சம்பளம் எத்தனை வருடத்துக்கு உறுதி, கோடை மாதங்களுக்கும் உண்டா என்று. பணம் பேசினால் மரியாதைக் குறைவு என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் உடனே சரி சொல்ல வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினாலும், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் உடன்பாட்டில் கையெழுத்திட்டவை. மற்ற இடங்களின் முடிவு வரும்வரை பொறுக்கலாம்.

அதன்பின் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற படிவம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். கைரேகைக்கு ஒரு நாள், ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை, கூட வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். என் போனோடு அப்பா மூன்று மணி நேரம் பஸ் ஸ்டாப்பில் நின்றார். அதிகாரி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, என்ன படிக்கப் போகிறாய் என்று. மத்தி விலையிலிருந்து தொடங்கினேன்.